அழல்

க்டினியா கப்பல்தளத்தில்
இருபத்தாறு வருடம் வெல்டிங்.
சட்டைப் பையில் எப்போதும் ஓர் இபுபுரூஃபன் அட்டை:
மதியம் ஒன்று,
ஏணி இறங்கும்போது ஒன்று.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பே பிடுங்கிக்கொண்டார்கள்.
ரத்தம் நிற்காதாம்.
ஏழு இரவும் சமையலறைத் தரையில்
குப்புறக் கிடந்து ரேடியோ கேட்டேன்.

இப்போது முதுகில் நாலு திருகாணி,
நடுவே
இடுப்பில் சுரண்டிய என் எலும்புத்தூள்.

கட்டிலின் கால்மாட்டில் சச்சரவு.
மயக்க மருத்துவர் மால்வினா:
"இரண்டே நாள், குறைந்த அளவு.
மார்ஃபின் கொடுத்தால் வாந்தியெடுக்கிறாள்."
கத்தி பிடித்த கெம்பா:
"கூடாது. அழற்சி இருந்தால்தான்
எலும்பு எலும்பைப் பிடிக்கும்."

அது எனக்கும் தெரியும்.
ஜனவரிக் காற்றில் சட்டென்று ஆறிய இணைப்பு
உள்ளுக்குள் விரிசல் விடும்.
கம்பளி போர்த்தி மெல்ல ஆறவிடுவோம்.
ஆனால்
தகடு தூங்க வேண்டியதில்லை.

"இரண்டு நாள்" என்றேன்.
கெம்பா சன்னலைப் பார்த்தார்.
நர்ஸ் சொட்டைத் திறந்தாள்.

மூன்றாம் நாள் காலை
முதுகு கணகணவென்று எரிந்தது.
"எரியட்டும், பிடிக்கிறது" என்று
பெருமையாகத்தான் சொன்னேன்.

அரைமணி கழித்து
மணியை அடித்ததும் நான்தான்.