ஐம்பது மில்லிமீட்டர்

பெட்டியைப் பிரித்து மூன்று நாளாகிறது.
இருபத்தேழு அங்குலத் திரை
கட்டிலில் மல்லாந்து கிடக்கிறது,
நான் தரையில்.

அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.
திபிலிசியில், சோலொலாக்கி மேட்டில்,
ஒரு பழைய வீட்டுப் பால்கனியை
யாரோ எப்போதோ கண்ணாடி போட்டு அடைத்தார்கள்.
அகலம் ஒரு மீட்டர் நாற்பது.
மேசையின் ஆழம் அரை மீட்டர்.
அதற்குமேல் ஒரு விரல் கூடினாலும்
கதவு திறக்கும்போதெல்லாம்
என் முழங்கையை விசாரிக்கும்.

திரையோடு வந்த கால்
அந்த அரை மீட்டரில் பாதியை விழுங்கிவிடுகிறது.
மிச்சத்தில் விசைப்பலகையை வைத்து உட்கார்ந்தால்
காகேத்தியின் திராட்சைத் தோட்டங்கள்
மூக்கு நுனியில் முளைக்கின்றன.

என் வேலை அதுதான்.
ஆலங்கட்டி மழை அடித்த மறுநாள்
மேலிருந்து எடுத்த படங்களில்
கிழிந்த கொடிகளை வரிசை வரிசையாக எண்ணுவது.
தள்ளி இருந்து பார்த்தால்தான் சேதம் தெரியும்.
கிட்டப் போனால்
எல்லாத் தோட்டமும் நலம்,
எல்லாம் பச்சைப் புள்ளி.

"மேசை விளிம்பைக் கவ்வுகிற கை ஒன்று வாங்கு,"
என்றான் தம்பி வாஜா.
நல்ல கைதான். நீளும், மடங்கும்,
சொன்ன இடத்தில் நிற்கும்.
ஆனால் மடங்கினால் அதன் முழங்கை
பின்னால் போக இடம் கேட்கும்.
மேசையைத் திருப்பிப் பார்த்தேன்:
வெளியே ஓக் மர நிறம், உள்ளே அட்டைத் தேன்கூடு.
ஆறு கிலோ தொங்கினால்
பிஸ்கட் மாதிரிக் கடித்துத் துப்பிவிடும்.

மிச்சம் இருப்பது சுவர்.
கண்ணாடி இல்லாத ஒரே பக்கம்,
ஒரே சுவர்.
வீட்டுக்காரி மக்வாலாவிடம் போனில் கேட்டேன்.
"துளை போடு. வீடு விழுந்தால்
வாடகை மட்டும் நிறுத்தாதே."

சுவரைத் தட்டினேன்.
தொப். தொப். உள்ளே வெறுமை.
ஒரு சாண் தள்ளி, தொப்.
காதை வைத்துக்கொண்டு, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு,
தர்பூசணி வாங்குகிறவள் போல
தட்டிக்கொண்டே போனேன்.
டக்.

சந்தேகத்துக்கு மறுபடி தட்டினேன்.
டக்.
டக், என்றது அந்தப் பக்கம்.

எதிரொலி என்று நினைத்தேன்.
மூன்று முறை தட்டினேன்.
மூன்று வந்தது, பிறகு ஒரு இருமல்.

அந்த இருமலை எனக்குத் தெரியும்.
இரண்டு குளிர்காலமாகத் தெரியும்.
அதன் முகத்தை மட்டும் பார்த்ததில்லை;
அவர் வீட்டு வாசல் வேறு தெருவில்.

"இன்னும் கொஞ்சம் இடது," என்றது சுவர்.
யாருக்கு இடது?
"எனக்கு இடது. உனக்கு வலது.
அங்கேதான் மரத்தூண்.
பதினோரு வருடமாக என் டிவி
அதில்தான் தொங்குகிறது."

பென்சிலால் குறித்தேன்.
"திருகு எவ்வளவு நீளம்?" என்றார்.
எண்பது மில்லிமீட்டர் என்றேன்.

வெகுநேரம் பதில் இல்லை.
ஒரு டேப் உருவப்பட்டு
சர்ரென்று உள்ளே ஓடும் சத்தம்.

"ஐம்பது போதும், பெண்ணே.
என்னுடையது எதிரே வருகிறது."

கடைக்குப் போய் ஐம்பது வாங்கி வந்தேன்.
தூணுக்கு இரண்டு திருகு,
திரையின் முதுகுக்கு நான்கு.
நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து
கண் மட்டத்தில் கோடு போட்டேன்.
ஆனாலும் துளை ஒன்று வழுக்கிவிட்டது.
காகேத்தி இப்போது
கிழக்கே கொஞ்சம் சரிந்திருக்கிறது.

அவர் பெயர் ஓத்தார்.
பெயரும் சுவர் வழியாகத்தான் வந்தது.
மேசையில் இப்போது ஒரு தட்டு வைக்க,
இரண்டு கையையும் நீட்ட இடம் இருக்கிறது.

நேற்று இரவு பத்தரை மணிக்கு
குவாரெலியில் நாற்பத்தோராவது வரிசையை
எண்ணிக்கொண்டிருந்தேன்.
அந்தப் பக்கம் யாரோ கோல் போட்டார்கள் போல.
அவர் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

திரை லேசாக ஆடியது.
கொடிகள் எல்லாம் ஒருமுறை அசைந்து நின்றன.
எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.