மேலிருந்து ஒரு கை

டிமாரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கம், ஜூன் மாதக் குளிர்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
எங்கள் மலைரயில்:
பதினாறடி நீளம், நான்கு துண்டு, எட்டு திருகாணி
(ஒன்று வேனிலேயே தொலைந்துவிட்டது).

முன்னால் நின்று நெவில் பதில் சொல்கிறார்.
திரைக்குப் பின்னால் நான்,
ஒவ்வொரு ரயிலாக
உலகத்துக்குள் அனுப்பிக்கொண்டு.

பதினொரு மணிக்கு நல்ல கூட்டம்.
சரியாக அப்போதுதான்
பாலத்து நடுவே நின்றது நிலக்கரி வண்டி.
தண்டவாளத்தில் தூசியோ, என்ன சனியனோ.
நெவில் சட்டென்று
நீராவியின் வரலாற்றுக்குத் தாவினார்.

வேறு வழியில்லை.
அண்ணாந்து பார்க்கத் தெரியாத
அரைவிரல் மனிதர்களுக்கு மேலாக
நகப்பூச்சு உரிந்த என் கை இறங்கி
லேசாக ஒரு தட்டு.

தடுப்புக் கயிற்றில் மோவாயை வைத்து
அதுவரை கொட்டாவி விட்ட பொடியன்
கைதட்டினான்.

அப்புறம்
ஆறு ரயில், மூன்று சுரங்கம்,
இரண்டு குளிர்காலமாக நெவில் ஒட்டிய
ஆயிரத்துச் சொச்சம் மரம்,
எதுவும் அவனுக்குப் பொருட்டில்லை.
வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றரை மணி.
எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.
சும்மா ஒருமுறை
கையை நீட்டினேன்.