வேண்டியவை

சங்கானையில் தராசில் வைத்துத்தான் தந்தார்கள்.
இரும்புக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை,
ஐம்பத்திரண்டாம் ஆண்டில் பிறந்ததற்கு விலையில்லை.
பி.எஸ்.ஏ. என்ற மூன்று எழுத்தில்
நடு எழுத்து மட்டும் பெற்றோல் தாங்கியில் மிச்சம்.
ஓட்டோவில் ஏற்றும்போது செபநேசன் கேட்டான்,
"உள்ளுக்குள்ள ஏதும் இருக்கோ?"
குலுக்கிப் பார்த்தோம். ஏதோ உருண்டது.
வீட்டில் கவிழ்த்தபோது வேப்பங்கொட்டை.

இரவுக் கடமை. ஒருவரும் வராத இரண்டு மணிக்கு
எக்ஸ்ரே மேசையில் எஞ்சின் கூட்டைக் கிடத்தினேன்.
"மூச்சைப் பிடியுங்கோ" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.
வெடிப்பு இல்லை.
ஆனால் எங்கள் தொழிலில்
இல்லாததுதான் கறுப்பாய் விழும்.
அன்று விழுந்தது எக்கச்சக்கமான கறுப்பு.

படம் போடும் உறையின் பின்பக்கம் எழுதினேன்:
காபரேற்றர், மக்னீற்றோ, வால்வு மூடி இரண்டு,
உதைகோலின் பல்லு,
பிஸ்ரன் வளையம், அளவு தெரியாது.
மேலே தலைப்பு, காணாமல் போனவை.
அடுத்த அறை ஜெயசோதி அதை வாசித்தாள்.
தம்பியின் படத்தோடு
மாதத்தில் ஒருநாள் கச்சேரி வாசலில் நிற்பவள்.
ஒன்றும் சொல்லாமல் உறையைத் திரும்ப வைத்தாள்.
தலைப்பை வெட்டி
வேண்டியவை என்று மாற்றினேன்.
பேனை அழுத்தியதில் உறை கிழிந்தது.

ஸ்ரான்லி வீதியில் ஒரு முதலாளி
பிஸ்கற் ரின்களைக் கவிழ்த்துக் கொட்டினார்.
பல்லு கிடைத்தது, வேறு சாதி வண்டியின் பல்லு.
அரத்தால் ராவி இணங்க வைத்தோம்.
வால்வு மூடி ஒன்று குருநகரில் இருந்தது,
நடுவில் துளை, துளையைச் சுற்றித் திரிக்கரி.
ஜாம்போத்தலின் வாய்க்கு அளவாய் இருந்ததாம்.
அந்த வெளிச்சத்தில் ஏழு வருசம் வலை பொத்தினார்களாம்.
துளைக்கு ரிவெற் அடித்த செபநேசன்
கரியைச் சுரண்டவில்லை.
"உள்பக்கம்தானே, ஆர் பாக்கிறது?"

காபரேற்றரை முதலில் காதால்தான் கண்டேன்.
புன்னாலைக்கட்டுவனில், வெங்காயத் தறையில்,
ஜப்பான் இறைப்பு மெசின் ஒன்று
பழைய இங்கிலீசில் இருமியது.
குனிந்து சேற்றை வழித்தேன். அமல். 276.
தவமலர் மண்வெட்டியோடு வந்தாள்.
"தடைக்காலத்தில போட்டது. மண்ணெண்ணெயில ஓடும்,
சூப்பியால ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டினாச் சரி."
"இது மோட்டச்சைக்கிளின்ர" என்றேன்.
"முப்பது வருசமா வெங்காயத்தின்ர" என்றாள்.

விலை சொன்னேன்.
புது மெசினே வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.
தண்ணீர் அப்போதுதான்
கடைசிப் பாத்தியின் வாயைத் தொட்டது.
"இப்ப கழட்டினா இந்தப் போகம் போகும்.
கிண்டின பிறகு வாங்கோ.
அப்பவும் தருவன் எண்டு சொல்லேல்லை."

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் போகிறேன்.
மிதவையில் பொத்தல் இருந்தது, ஒட்டினேன்.
ஜெற்றில் மணல்,
தங்கூசி நூலால் குத்தி ஊதினேன்.
மூன்றாம் சனி இருமல் நின்றது.
நிற்கும்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.
"நல்லா ஓடுது" என்கிறாள் தவமலர், "இனி ஏன் கழட்டுவான்?"
வரும்போது ஒரு பிடி வெங்காயம் தந்தாள்.
நிறுக்கவில்லை.

வீட்டில் பி.எஸ்.ஏ.யின் மூச்சுக்குழாயில்
பழைய சாரத்துணி அடைத்திருக்கிறேன், குளவி கட்டாமல்.

திங்கட்கிழமை உறையில் ஒரு புது வரி.
முழங்காலைப் படமெடுக்க வந்த நெல்லியடிக்காரர் ஒருவர்,
பெயர், ஒழுங்கை, பச்சைக் கேற்.
மக்னீற்றோவோ தையல் மெசின் மோட்டரோ தெரியாதாம்,
ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில் நிற்பாராம்.
நான் கிழித்த இடத்துக்குச் சற்றுக் கீழே,
ஜெயசோதியின் கையெழுத்தில்.