தொள்ளாயிரத்து நாற்பது கால்கள்

செம்ப்ரானுக்குத் தொள்ளாயிரத்து நாற்பது கால்கள்.
செலரானுக்குக் காலே கிடையாது.
அடிவயிற்றில் பொன்புள்ளிகள் மட்டும்,
எழுநூற்று எழுபத்தைந்து.
கால்களெல்லாம் அது உட்காரும் பலகையில்.
ஆகவே ஒன்றின் இருக்கையில் மற்றொன்று
ஒருநாளும் உட்காராது.
இரண்டில் எது உசத்தி என்று கேட்பவர்களிடம்
முதலில் இதைத்தான் சொல்வேன்.
யாரும் காதில் வாங்குவதில்லை.

நரின் நகரில் அன்று
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
பாலத்தடியில் நதி சத்தமில்லாமல் கிடந்தது.
கால்நடை மருத்துவர் அனார்குல்
குழந்தைகளின் சறுக்கு வண்டியில் கட்டி
செத்த கணினிகள் இரண்டை
இழுத்துக்கொண்டு வந்தார்.
"இரண்டையும் பிரித்து ஒன்று செய்துகொடு.
பதினோராயிரம் ஆடுகள் இருக்கின்றன,
கணக்கெழுத."

ஒன்றில் மின்பெட்டி கருகியிருந்தது.
மற்றதில் வன்தட்டு
மணலை மெல்வதுபோல் கரகரத்தது.
உருப்படியாக மிஞ்சியது
மின்பெட்டி ஒன்று, வன்தட்டு ஒன்று,
நினைவகத் துண்டு ஒன்றே ஒன்று,
எந்தப் பலகையோடும் கோபித்துக்கொள்ளாத லினக்ஸ்.
மாற்றி மாற்றிப் பொருத்தித்தான் பார்க்கவேண்டும்,
ஒரே சட்டையில் முறைவைத்து
அண்ணனும் தம்பியும் பெண்பார்க்கப் போவதுபோல.

இரண்டும் மலிவு விலைக்குப் பிறந்தவை.
பெரியவற்றின் அதே வார்ப்பு.
இடைநினைவகத்தை வெட்டிக் குறைத்து
உனக்கு இது போதும் என்று அனுப்பப்பட்டவை.
ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று
முடித்துவிடலாம்.
முடிக்க மனம் வரவில்லை.

செம்ப்ரானின் கால்களில் மூன்று வளைந்திருந்தன.
ஊக்குப் பென்சிலின் வெற்று மூக்கை மாட்டி
மூச்சைப் பிடித்து நிமிர்த்தினேன்.

செலரான் விழித்தெழ நூற்றுப் பதினான்கு நொடி.
செம்ப்ரானுக்குத் தொண்ணூற்றெட்டு.
ஆடுகளை வயதுவாரியாக அடுக்கச் சொன்னேன்.
செலரான் உறுமியது, விசிறி வீறிட்டது.
நான் தேநீர் ஊற்றி, குடித்து, கோப்பை கழுவியும்
நாலாயிரத்துச் சொச்சத்திலேயே நின்றது.
தலைச்சூடு எழுபத்தொன்பது.
செம்ப்ரான் பாதிக் கோப்பையில் முடித்துவிட்டு
நாற்பத்தாறில் சும்மா இருந்தது,
வேலை ஏதாவது கொடுத்தீர்களா என்பதுபோல.

சிகரெட் அட்டையின் பின்புறம் கோடு கிழித்து
எழுதிக் காட்டினேன்.
எல்லா வரியிலும் செம்ப்ரான்.

அனார்குல் அட்டையைப் பார்க்கவில்லை.
கையுறையைக் கழற்றி
செலரானின் பெட்டிக்குப் பின்னால்
காற்று வெளியேறும் துளைகள்மேல்
விரல்களை விரித்துவைத்தார்.
ஆட்டின் வயிற்றில் குட்டி தேடும் விரல்கள்.
சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது.
வெகுநேரம் எடுக்கவில்லை.

"என் அறையில் பேனா மை உறைகிறது," என்றார்.
"இது."

தோற்றதையும் விடவில்லை.
தேயிலை டப்பாவில் பஞ்சு வைத்துத் தரச்சொல்லி
கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் திரும்பவும் வந்தார்.
தெருவெல்லாம் சேறு.
பெட்டியைத் திறந்தால் விசிறிக்குள் கம்பளி,
பிடி பிடியாய்க் கம்பளி,
ஒரு காலுறை பின்னலாம்.
"குளிர் போய்விட்டது. இப்போது அடுத்ததை மாட்டு."
டப்பாவை மேசைமேல் வைத்தார்.

எனக்கு வாயடைத்தது.
அது உட்காரும் பலகையை
மார்ச்சிலேயே விற்றுவிட்டேன்,
கார் கழுவும் தொலோனுக்கு, எண்ணூறு சோமுக்கு.
அவனிடம் வேறொரு செம்ப்ரான் இருந்தது.

சொன்னேன். திட்டவில்லை.
டப்பாவைத் திறந்தார்.
பஞ்சின்மேல் மல்லாந்து
தொள்ளாயிரத்து நாற்பது கால்களும்
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மல்லாந்த ஆடு தானாக எழாது," என்றார்,
"நாம்தான் புரட்டிவிடவேண்டும்."
நகத்தால் ஓரத்தைத் தூக்கி
மெல்லக் கவிழ்த்து, மூடியைப் போட்டார்.

விசிறியிலிருந்து நான்
இன்னும் கம்பளி உருவிக்கொண்டிருந்தேன்.