நாலேகால்

எட்மன்டனில் டிசம்பர்.
நாலேகாலுக்கே சூரியன் கடையைச் சாத்திவிடுகிறது.
டாக்டர் துண்டுத்தாளில் எழுதித் தந்தார்:
வைட்டமின் டி, தினம் நடை, மனிதர்கள்.
முதலாவது பத்து டாலர்.
கடைசியை எந்த மருந்துக்கடையில் கேட்பது?

நூலகத்து மூலையில் ஒரு வெள்ளை விளக்கு.
அரைமணி நேரம் முகம் காட்டி உட்காரலாம்,
காசில்லை.
எதிரே ஒருவர், கம்பளித் தொப்பி கழற்றாமல்,
அந்தப் பொய்வெயிலில் வாய் பிளந்து தூங்குவார்.
செவ்வாய்தோறும் அதே நாற்காலி, அதே குறட்டை.
வேறு நாள் மாற்றிக்கொள்ள நினைத்தேன்.

பிறகொரு செவ்வாய் அவர் வரவில்லை.
விளக்கு முழுக்க எனக்கு.
நடைபாதையில் வழுக்கியிருப்பாரோ,
வண்டி உறைந்து நின்றிருக்குமோ என்று
பெயர் தெரியாத ஆளுக்காக
ஜன்னலின் ஆவியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

மைனஸ் இருபத்தெட்டு.
அன்றைக்குப் பஸ்ஸுக்கு நிற்க மனமில்லை, நடந்தேன்.
இரண்டு காலுறை, மூக்குவரை சால்வை.
பூட்ஸுக்கடியில் பனி அப்பளமாய் நொறுங்கியது.
இமைமயிர் ஒட்டிக்கொண்டு
ஒரு கண் திறக்க மறுத்தது.
நடுத்தெருவில் நின்று, ஏனோ, சிரித்தேன்.
இந்த மாதத்தில் அது முதல் தடவை.

அடுத்த செவ்வாய்
ஃபிளாஸ்க் நிறைய இஞ்சித் தேநீர்,
இரண்டு கோப்பை.
ஒன்று வீணானாலும் போகட்டும்.

இருந்தார்.
"சளி," என்றார், தொண்டை கட்டிய குரலில்.
"வாசில்."
"பிரமிளா."
ஒரு மிடறு குடித்து, கண் கலங்க இருமி,
"நீங்களும் குறட்டை விடுவீர்கள், தெரியுமா?"

விளக்கைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.
வெளியே நாலேகால்.