லாயின்-லாயின்

பதிவுப் படிவத்தில் இனம் என்ற இடத்தில்
நான் ‘இந்தியா’ என்று குறியிட்டேன்,
இந்தியாவை ஒருமுறையும் பார்த்ததில்லை.
மொசேல் கடைசிக் கட்டத்துக்குப் போனாள்:
லாயின்-லாயின்.
மற்றவை. மீதி. சில்லறை.
“விசாலமான கட்டம், கால் நீட்டிப் படுக்கலாம்” என்றாள்.

மிண்டன் மேட்டில், ஐந்தாவது மாடியில்,
பாலத்து விளக்குகள் தெரியும் அறை எங்களுடையது.
அவள் அலையாத்திச் சேற்றில் நண்டுகளை எண்ணுகிறவள்.
நான் கட்டடப் பொறியியல்; எண்ணுவது சிமெண்ட் மூட்டை.
வெள்ளிக்கிழமை மங்கும்போது,
நெருப்பு கூடாது என்கிற விடுதி விதிக்காக,
என் தீபாவளிப் பெட்டியில் மிஞ்சிய பேட்டரி அகல் இரண்டை
மேசைமேல் வைத்துக் கண்ணைப் பொத்திக்கொள்வாள்.
கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைச் செருகி.
யார் கேட்டாலும் தலைவலி என்று சொல்வது என் பொறுப்பு.
ஒன்றரை ஆண்டாக
அந்த அறையில் வெள்ளிதோறும் தலைவலி.

பிறகு அந்த அக்டோபர்.
அதன் பின்னால், முடியவே முடியாத மாதங்கள்.

நூலக வாசலில் பலகை வைத்தார்கள்.
வெள்ளைத் தாளில் சின்ன எழுத்தில் குழந்தைகளின் பெயர்கள்,
எதிர் அறை அக்கிலா இரவெல்லாம் விழித்து எழுதியவை.
வந்தவர்கள் பத்து வரியில் நகர்ந்தார்கள்.
மொசேல் கடைசிப் பெயர்வரை நின்றாள்.
வயது ஒன்று. வயது நான்கு.
வயது தெரியாத ஒன்று.
பத்து மணி வகுப்பு போயிற்று.
உண்டியலில் மடித்த தாள் ஒன்றைப் போட்டாள்.

அவளுடைய அத்தை மகன் யோனா, இருபத்திரண்டு,
முதல் நாள் காலையிலேயே போனவன்,
இங்கே எந்தப் பலகையிலும் இல்லை.
அதை என்னிடம் சொன்னது பதினொரு நாள் கழித்து,
துணி காயப்போடும்போது, முதுகைக் காட்டியபடி.
ஈரச் சட்டையோடு நின்றேன்.
ஒப்பாரி தெரிந்த இனத்தில் பிறந்தும்
வாயில் ஒரு சொல் ஊறவில்லை.

“எங்காவது சத்தமாக அழவேண்டும்.”
ராபிட் பஸ்ஸில் போய் இறங்கினோம்.
அந்தச் சாலைக்குப் பெயர் மாறிப் பல காலம்;
பழைய பெயர் அவளுடையவர்களின் பெயர்.
கேட் பூட்டியிருந்தது.
உள்ளே யாரோ நாயைத் தமிழில் அதட்டினார்கள்.
“அக்கா!” என்றேன். சாவி வந்தது.

மூடி கூம்பிய பெட்டிகள்போல் கல்லறைகள்.
ஒன்றில் அவள் பெயர்.
கொள்ளுப்பாட்டனின் தங்கை, பத்தொன்பது வயதில் காய்ச்சல்.
விரலால் பாசியைச் சுரண்டிவிட்டுச் சிரித்தாள்:
“பார், என் பெயரைத் தப்பாக வெட்டியிருக்கிறார்கள்.”
சிரிப்பு பாதியில் உடைந்தது.

அவர்கள் இரங்கல் சொல்லப் பத்துப் பேர் வேண்டுமாம்.
“இத்தனை பேர் படுத்திருக்கிறார்கள்,
எழுந்து நிற்க ஒருவருக்கும் மனமில்லை.”
நானும் சாவிக்கார அக்காவும் நாயும் நின்றோம்.
கணக்கில் வராத மூன்று.
இருந்தும் சொன்னாள், யோனாவுக்காக.
முடிவில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்;
அதைக் கழுத்தில் சிலுவை போட்ட அக்கா
எனக்கு முன்பே சொல்லிவிட்டாள்: ஆமென்.
அவர்கள் பூ வைப்பதில்லை, கல் வைப்பார்கள்.
எங்கள் முன்னோர் கல்லே இல்லாமல்
செம்பனைக்குள் போனவர்கள்.
பாதையோரம் பெயர்ந்து கிடந்த தார்த்துண்டை
அவள் கூழாங்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
யாருக்கு வைத்தேன் என்று அவள் கேட்கவில்லை.

அந்த வெள்ளி, துண்டைத் தேடினேன்.
கொடியில் கிடந்தது.
கதவு ஒரு சாண் திறந்திருந்தது.
பள்ளிவாசல் பாங்கு ஓய்ந்த நேரம்.
நடைபாதையில் விழுந்த மஞ்சள் வெளிச்சத்தை மிதிக்காமல்
அக்கிலா நின்றாள்.
“என்ன விசேஷம்?”
எனக்குத் தலைவலி என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது.
“வெள்ளிக்கிழமை” என்றாள் மொசேல்.
அக்கிலா இரண்டு விளக்கையும் பார்த்தாள்,
அவளையும் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம்.
“எனக்கும்தான்.”
உள்ளே வரவில்லை. போகவுமில்லை.
ஒரு பேட்டரி மினுக்கத் தொடங்கியது;
மாற்று வாங்க, காசு தேடிக்கொண்டிருந்தேன்.