சன்னல் துணைப்பொருட்கள்

அளவு நாடாவோடு வீடுவீடாகப் போகிறவன் நான்.
கொசோவோவில், தெச்சானுக்கு மேற்கே, மலையடியில்
இல்மி, ரமூஷ், ஃபாத்தோஷ்
மூன்று அண்ணன் தம்பிக்கு மூன்று வீடு.
ஒரே வரைபடம், ஒரே சிவப்பு ஓடு.
ஒருவன் கூரை இன்னொருவன் கூரையைவிட
விரல்கடை உயர்ந்துவிடாதபடி
நீர்மட்டம் பிடித்துக் கட்டியது.

பின்னால் நிற்கிறது பழைய கல்வீடு.
இங்கே அதற்குக் குல்லா என்று பெயர்.
தலையில் கவிழ்ப்பதல்ல.
கீழே மாடு, நடுவில் குடும்பம், உச்சியில் விருந்தாளி.
அதிலிருப்பதைச் சன்னல் என்று சொல்ல
என் தொழில் இடம் தராது:
உள்ளே அகன்று வெளியே ஒடுங்கும் துளை,
ஒரு துப்பாக்கிக் குழல், ஒரு கண்.
பழிக்குப் பழி நடந்த நாளில்
ஆண்கள் வருடக்கணக்காய் வாசல் தாண்டவில்லையாம்.
நாடாவைச் சுருட்டிவிட்டு விரலால் அளந்தேன்.
நாலு விரல்.

இல்மி சூரிச்சிலிருந்து போனில் சொன்னான்:
"மலை முழுசும் கூடத்துக்குள்ள வரணும்."
தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்தேன்.
ரமூஷும் அதையே கேட்டான்.
ஃபாத்தோஷ் கேட்கவே இல்லை, பணம் அனுப்பினான்.
மலை வந்தது.
கூடவே அதன் காற்றும்.

ஆகஸ்டில் மூன்று வாரம்
முற்றம் கொள்ளாத கார்கள், ஒரு கல்யாணம்,
ஜெர்மனில் சண்டை போடும் குழந்தைகள்.
பிறகு உருட்டுக் கதவுகள் இறங்கும்.
நாற்பத்தொரு சாவியும்
தங்கை ஷ்குர்தேயின் ஏப்ரன் பையில்.

ஜனவரியில், சிக்கிக்கொண்ட ஒரு கதவைப் பழுதுபார்க்கப் போனேன்.
மூன்று வீட்டில் ஒரு வீடு,
அதில் ஓர் அறை,
அதில் ஓர் அடுப்பு எரிந்தது.
நான் வைத்த கண்ணாடி முழுவதையும்
கல்யாண ரஜாய்களால் மூடியிருந்தாள்,
கதவின் மேல்விளிம்பில் துணிக்கிளிப் போட்டு.
"மலை அழகுதான். விறகு யார் வாங்குறது?"

காப்பி கொடுத்துவிட்டு
இரண்டு ரஜாய் சேராத இடத்தில் போய் நின்றாள்.
அங்கிருந்து சாலை தெரியும்.
தபால் வண்டி வருகிற நேரம்,
வராமல் போகிற நேரம்,
எல்லாம் அவளுக்குத் தெரியும்.
அவள் அடுப்புப் பக்கம் திரும்பியபோது
பழக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன்.
ஐந்து விரல்.
இத்தனை சிமென்ட், இத்தனை பிராங்க்,
ஒரு விரல் முன்னேற்றம்.

துணிக்கிளிப் தாங்காது என்றேன்.
பித்தளைக் கொக்கி பன்னிரண்டு அடித்துக் கொடுத்தேன்,
தள்ளி இழுக்க ஒரு கம்பியும்.
பில்லை இல்மிக்கு அனுப்பவேண்டும்.
என்ன எழுத என்று இருவரும் யோசித்தோம்.
அவள்தான் சொன்னாள்:
"சன்னல் துணைப்பொருட்கள்னு போடு.
மலைக்குன்னு நெனச்சுக் கொடுத்துடுவான்."